மஸ்கட் போகிற வழியில் எதிர்வீடு

நவம்பர் 19, புதன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஐம்பத்தொரு வயதில் இன்றைக்குக் கக்கூஸ் போகப் பழகினேன். கல்பகம் மாமி வீட்டில் நாற்காலி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதில். ஹப்சிகுடாவில் அந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சமைக்கிறேன், ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. மஸ்கட்டில் எல்லா வீட்டிலும் அதுதானாம். விமானத்திலும் அதுதானாம். மாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறிக் குந்திவிட்டேன். ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே மாமி.

"அம்மணி, உள்ளே என்னடி சத்தம்?"

"ஒத்திகை மாமி."

மாமி சிரித்த சிரிப்பில் உமாசங்கர் மாமா பேப்பரோடு எழுந்து வந்துவிட்டார்.

மாமியின் மகள் சாருலதா மஸ்கட்டில் வேலை பார்க்கிறது. கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் என்னை வரச் சொல்லியிருக்கிறது. இரண்டு வருஷம். வருகிற திங்கள் ராத்திரி விமானம். இந்த டைரி மாமா கொடுத்தது. குழந்தை என்ன சாப்பிட்டது, எப்போது தூங்கியது எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம், அதற்குக் கையைப் பழக்கு என்றார். இந்தத் தெலுங்கு ஊரில் ரயில்வே தமிழ்ப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவள் நான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். குழந்தை இன்னும் கைக்கு வரவில்லை, அதுவரைக்கும் என்னைப் பற்றி எழுதிக்கொள்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

மல்காஜ்கிரியில் எங்கள் வீடு முன்னறை, பின்னறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். முன்னறையில் நான். பின்னறையில் மகன் மோகனும் மருமகள் சுமலதாவும். மோகன் உப்பலில் ஒரு பட்டறையில் லேத்து வேலை. வீட்டைக் கட்டினவர் வர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர். அவர் போனதும் மோகன் பெயருக்கு மாற்று என்று சொன்னவள் நான். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? கை போகிற போக்கு.

சாப்பிடும்போது சுமலதா காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, ஃப்ளைட்டு பன்னெண்டுக்கு மேல. அப்போ செவ்வாய்க்கிழமை ஆயிடுது. செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது."

"விமானக்காரன்கிட்ட சொல்லட்டுமா, மாத்தி வைப்பான்."

பரிகாரமும் அவளே வைத்திருந்தாள். பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நேரத்தில் பெட்டியோடு வாசற்படி தாண்டி வேறு யார் வீட்டிலாவது போய் இருந்துவிடுவது. அங்கிருந்து அப்படியே பயணம். என் மாமியார் காலத்தில் எல்லோரும் செய்வார்கள், இப்போது யார் செய்கிறார்கள்? ஒரே ஒரு கட்டுப்பாடு. தாண்டின வாசற்படியைத் திரும்பி மிதிக்கக் கூடாது. மிதித்தால் போகிற காரியம் கெட்டுவிடும்.

"ஏன்டி, மாமியாரை ஒரு நாள் முன்னாடியே துரத்தறதுக்குக் காலண்டர்ல தேடித் தேடி எடுத்தியா?"

மோகன் சிரித்தான். சுமலதாவும் சிரித்தாள். கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

எதிர்வீட்டு ஆரோக்கியமேரியைப் போய்க் கேட்டேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். தனிக்கட்டை.

"எங்க வீட்ல இன்னாத்துக்கும்மே பரஸ்தானம்? வேதக்கார வீட்ல செல்லுமா?"

"சனீஸ்வரனுக்கு உன் வீட்டு அட்ரஸ் தெரியாது மேரி. அதான் பத்திரம்."

"வா வா. குறட்டை மட்டும் உட்டியானா தெருவுல படுக்க வச்சிடுவேன்."

நவம்பர் 24, திங்கள்

காலை. ராகுகாலத்துக்கு முன்னாடியே வாசற்படி தாண்டிவிட்டேன். சுமலதா ஆரத்தி எடுத்தாள், எலுமிச்சம்பழத்தை மிதிக்க வைத்தாள். நிறைகுடத்தோடு எதிரே வரச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் நிறுத்தி வைத்திருந்தாள். குடம் பிளாஸ்டிக், ஆனாலும் நிறைகுடம். மோகன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். தெருவைக் கடந்ததும் பயணம் முடிந்துவிட்டது. மேரி வீட்டு வாசலில் நின்று நான் கையை ஆட்டினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர்கள் ஆட்டினார்கள். நடுவில் வந்த பால்காரன் வண்டியை நிறுத்தி, யார் எங்கே போகிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

மாலை. பெட்டியைப் பூட்டிப் புடவையெல்லாம் மாற்றிக்கொண்ட பிறகு மாமி போன்.

"அம்மணி, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதேடி. எத்தியோப்பியாவிலே எரிமலை வெடிச்சிருக்காம். சாம்பலெல்லாம் ஆகாசத்திலே பறக்கறது. உன் ஃப்ளைட்டு கேன்சல்."

"எரிமலை எங்க இருக்குது, நான் எங்க இருக்கேன் மாமி?"

"காத்திலே வரதாம். மஸ்கட் பக்கமா வந்து அப்படியே நம்மூருக்கு வரதாம். எஞ்சினுக்குள்ளே போனா விழுந்துடுமாம்டி."

பன்னிரண்டாயிரம் வருஷம் தூங்கின மலையாம். டிவியில் சொன்னார்கள். "அத்தினி வருசம் தூங்கிட்டு, அம்மணி பாஸ்போர்ட்டு எடுக்கட்டும்னு காத்துக்கினு இருந்திருக்குது மேரி" என்றேன். சின்ன வயசில் சாம்பலில் பல் விளக்கினேன். நேற்று வரைக்கும் மாமி வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைச் சாம்பலில்தான் துலக்கினேன். சாம்பலுக்கும் எனக்கும் ஒரு பகையும் கிடையாது.

நவம்பர் 25, செவ்வாய்

இன்னும் சாம்பல். டிவியில் வரைபடத்தின் மேல் அழுக்கு மாதிரி ஒன்று நகர்கிறது. மாமி, பொறுத்துக்கோ என்றாள்.

என் தலையணை இல்லாமல் கழுத்து பிடித்துக்கொண்டது. எடுத்து வரலாம் என்று தெருவைத் தாண்டினேன். கேட்டைத் திறப்பதற்குள் சுமலதா ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அத்தை! வாசப்படி! மிதிச்சீங்கன்னா மஸ்கட் போச்சு!"

தலையணையைக் கேட்டுக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். ஜெயிலில் கொடுக்கிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். எவ்வளவு அக்கறை என்று மேரியிடம் சொன்னேன். மேரி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மத்தியானம் மேரி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். என் கட்டில் வெளியே வந்தது. ஒரு பக்கம் மோகன், ஒரு பக்கம் யாரோ. மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். ஜன்னலிலிருந்தே கூப்பிட்டேன்.

"நக்கோ மா, கைக்கு டென்ஷன்? பெயின்ட் அடிக்கிறோம், அவ்ளோதான்" என்றான் மோகன். வேண்டாம், எதற்கு டென்ஷன் என்பதற்குப் பட்டறை உருது.

பெயின்டும் அடித்தார்கள். ரோஸ் கலர். "என் ரூம் வயசுக்கு வந்துடுச்சாடா? சொல்லியிருந்தா சீர் எடுத்துக்கினு வந்திருப்பேனே!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அவன் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 26, புதன்

வானம் தெளிந்துவிட்டதாம். சாம்பல் சீனா பக்கம் போய்விட்டது. பாஸ்போர்ட்டு இல்லாமலே ஊர் சுற்றுகிறது.

மாமி போனை எடுக்கவில்லை. நாலு மணிக்கு பஸ் பிடித்து ஹப்சிகுடா போனேன். கதவைத் திறந்தவள் எனக்குத் தெரியாத ஒருத்தி. கையில் கரண்டி. என் கரண்டி.

மாமி சோபாவில் உட்காரச் சொன்னாள். எத்தனை வருஷத்தில் முதல் தடவை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சாருவுக்கு நாளைக்கு ஆபீஸ் போயாகணும்டி. சனிக்கிழமை வரைக்கும் டிக்கெட்டே இல்லை. அங்கேயே ஒரு மலையாளத்துப் பொம்மனாட்டி கிடைச்சுட்டாளாம். குழந்தையும் ஒட்டிண்டுடுத்தாம்."

"ஒரே நாள்லயா மாமி?"

"குழந்தைதானே."

"சரி மாமி. அப்போ நான் நாளையிலேர்ந்து இங்கயே—"

மாமி சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு குரலைத் தணித்துக்கொண்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து இவள் வரா. பாவம், நடுவிலே நிறுத்தினா நன்னாருக்காது பாரு."

மாமா பேப்பரை இறக்கவில்லை. புதியவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

காலையில் ஒரு டிராலி ஆட்டோ வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. கண்ணாடி இறங்கியது. சுற்றுகிற நாற்காலி இறங்கியது. கடைசியில் ஒரு போர்டு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஒரு பெண்ணின் படம் போட்டு, தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுத்து. மேரிதான் படித்துச் சொன்னாள். சுமா பியூட்டி பார்லர். பெண்களுக்கு மட்டும்.

"நானும் பொம்பளதானே" என்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டினேன். கேட்டுக்கு வெளியே நின்று மஸ்கட் போய்விட்டது என்று சொன்னேன். காரியம் தானே கெட்டுவிட்டது, இனிமேல் நான் மிதித்துக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை, வழி விடு என்றேன்.

சுமலதா கேட்டைத் திறக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"கிளம்பின மனுஷி காரியம் ஆகாம திரும்பி உள்ள வந்தா வீட்டுக்கே ஆகாது அத்தை. நாளைக்கு வேற அஷ்டமி. ஞாயித்துக்கிழமை கடை திறக்கிறோம். அது ஆவட்டும், அப்புறம் நல்ல நாள் பார்க்கலாம்."

மோகனைப் பார்த்தேன். அவன் போர்டுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாள் மேரி ஆன்ட்டி வீட்லயே இரு மா. எதிர்லதானே."

எதிர்லதானேயாம். நான் பெத்தது சொல்லுது, எதிர்லதானே. போர்டு எழுத எத்தினி நாள் ஆவும்? நேத்து சொல்லி இன்னிக்கு வருமா? அந்த நாற்காலி? கண்ணாடி? — எல்லாம் எப்பவோ சொல்லி வச்சது. நான் மஸ்கட்ல போய் இறங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ரெண்டு வருசம் கழிச்சு வந்து, எங்க படுக்கிறதுன்னு நின்னிருப்பேன். மலை வெடிச்சதால இப்பவே தெரிஞ்சுபோச்சு.

தெரிஞ்சு இன்னா பண்ண?

நவம்பர் 30, ஞாயிறு

திறப்பு விழா. ரிப்பன் கட்டி, வெட்டி, கை தட்டினார்கள். ஜன்னலில் இருந்து நானும் தட்டினேன். சத்தம் போய்ச் சேர்ந்திருக்கும், ஒருத்தரும் திரும்பவில்லை. பிறகு மோகன் தட்டில் லட்டு எடுத்துக்கொண்டு வந்தான். மேரிக்கு இரண்டு, எனக்கு இரண்டு.

"நல்லா இருக்கியா மா?" என்று கேட்டான். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. எதிர்வீட்டில் வரிசையாக அகல் விளக்கு. இங்கே டியூப் லைட்.

டிசம்பர் 6, சனி

மேரி சொல்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் வேலை கிடைத்தது. காலையில் சப்பாத்தி தேய்க்கிறேன். மாவுக்குப் பதில் யார் யார் முகத்தையோ நினைத்துக்கொண்டு தேய்த்தால் நன்றாக மெலிசாக வருகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. மேரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பார்லருக்குப் போகிறவர்களை எல்லாம் கவனித்துக்கொள்ள வேண்டாமா?

ஒரு தடிச்ச அம்மாள் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். "அக்கா, போகும்போது நல்லாத்தானே இருந்தீங்க, உள்ள இன்னா ஆச்சு?" என்றேன். இன்னொருத்தி முகத்தில் ஏதோ பூசிக்கொண்டு பளபளவென்று வந்தாள். "தரைக்கு மெழுகுற பாலிஷ்தான் அது, ரெண்டு நாள்ல உரியும்" என்றேன். இஸ்திரிக் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டு நாளாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமாக உள்ளே போகிறார்கள். சிலர் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

மோகன் வந்தான். "ஏன் மா இப்படிப் பண்றே? நிறுத்து மா."

"என்னை உள்ள கூட்டினு போடா. நிறுத்தறேன்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் பட்டறையிலிருந்து பச்சைத் துணி ஒன்று கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே கட்டினான். இப்போது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வீடு தெரியாது. மாடியில் கட்டிலின் கால் மட்டும் தெரிகிறது.

டிசம்பர் 12, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரு பொண்ணு அம்மாவோடு வந்தது. கல்யாணப் பத்திரிகைப் பை கையில். மூஞ்சி பூரா பரு. பச்சைத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் போச்சு. நான் விடவில்லை.

"கல்யாணப் பொண்ணா? மாப்பிள்ளை ஊருல கரண்டு இருக்குதா? இல்லாத ஊரா பாத்துக் குடுத்திருக்கலாமே!"

தெரு சிரித்தது. அந்தப் பொண்ணு உள்ளே போகவில்லை. அப்படியே பார்லர் படியில் உட்கார்ந்தது. பையை முகத்தில் வைத்துக்கொண்டது. சத்தம் வராமல் முதுகு மட்டும் குலுங்கிற்று. அதன் அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். வந்த வழியே.

மேரி உள்ளிருந்து வந்து நான் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னை வெளிய தள்ளினவங்க அந்த வீட்டுக்குள்ள இருக்காங்க. இந்தப் பொண்ணு உனக்கு இன்னாம்மே பண்ணுச்சு?"

"சும்மா தமாசுக்கு மேரி."

"உன் தமாசு. உன்னை மாதிரி ஒருத்திய நானாயிருந்தாலும் உள்ள உட்டிருக்க மாட்டேன்."

"உட்டுட்டியே."

"அதான் பாரு" என்று நாற்காலியை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

அந்தப் பொண்ணு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. மோகன் ஜன்னல் பக்கம் வந்து நின்று சொன்னான், மார்கழியில் வீடு மாறக் கூடாதாம். தை பிறக்கட்டும் என்று சுமலதா சொன்னாளாம். நல்ல மருமகள். ஒரு நாளும் கூடாது என்று அவள் சொன்னதே கிடையாது. நாள்தான் கூட மாட்டேன் என்கிறது.

ஜனவரி 14, புதன்

போகி. மேரி வீட்டில் எரிக்க என்னிடம் பழையது ஒன்றும் இல்லை. எல்லாம் எதிரே இருக்கிறது. இன்னும் இருக்கிறதா, எரித்துவிட்டார்களா தெரியாது. பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

ஜனவரி 15, வியாழன்

தை பிறந்தது.

விடிவதற்குள் தலைக்குக் குளித்து, மஸ்கட்டுக்கு என்று எடுத்து வைத்த புடவையைக் கட்டிக்கொண்டேன். பெட்டியைக் கட்டினேன். தலையணையை அதன் மேல் வைத்துக் கயிறு போட்டேன். மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கிண்டல் பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

வாசல் பக்கம் பார்த்துப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே பொங்கல் பொங்கிற்று. சத்தம் கேட்டது. நான் இல்லாமலே பொங்குகிறது.

மத்தியானம் மோகன் வந்தான். கையில் தூக்கு. சர்க்கரைப் பொங்கல். என் புடவையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். தூக்கை வைக்க இடம் தேடினான். பெட்டி மேலேயே வைத்துவிட்டு, "சூடா இருக்கு மா, பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேரியும் நானும் சாப்பிட்டோம். ஏலக்காய் அதிகம்.

ஜனவரி 22, வியாழன்

இன்று பார்லருக்குப் போனேன். கஸ்டமராக. கஸ்டமருக்கு அஷ்டமி, நவமி, மார்கழி ஒன்றும் கிடையாது. பச்சைத் துணியை விலக்கிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு, வாசற்படியை மிதித்து உள்ளே போனேன். ஒருத்தரும் கையை விரித்து நிற்கவில்லை. மணி ஒன்று கிணுங்கியது.

வேறு ஆள் யாரும் இல்லை. சுமலதா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"உட்காருங்க" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

சுற்றுகிற நாற்காலியை என் கட்டில் இருந்த இடத்தில்தான் போட்டிருக்கிறாள். என் தலைமாடு இருந்த பக்கம் பவுடர் டப்பாக்கள். சுவரில் வீட்டுக்காரர் படம் மாட்டின ஆணி அப்படியே இருக்கிறது, அதில் ஒரு துண்டு தொங்குகிறது.

"என்ன பண்ணணும்?"

"புருவம்."

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். கை நல்ல கை, பொய் சொல்லக் கூடாது. வலது புருவம் வில் மாதிரி வந்தது. இடது புருவத்துக்கு வந்தபோது கேட்டேன்.

"தை பொறந்து ஒரு வாரம் ஆச்சு. நாளு பாத்துட்டியா சுமலதா?"

வாயில் நூல் இருந்தால் பேச முடியாது. நூல் கொஞ்சம் நின்றது. அப்புறம் ஓடிற்று.

இடது புருவத்தில் பாதி போய்விட்டது. மூக்குப் பக்கம் இருக்கிறது, காதுப் பக்கம் இல்லை. ஒரு புருவத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள்.